பிள்ளை வளர்க்க மனசு இருக்கா? இப்படி உட்காருங்க!

கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியும் மடி நிறையாத தம்பதி உங்க சொந்தத்தில் யாராவது இருக்காங்களா? கட்டாயம் இருப்பாங்க. அவங்க வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "ஏங்க, ஒரு குழந்தையைத் தத்து எடுத்துக்கலாமே?" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். உடனே மூன்று பதில் வரும்.

பாட்டி சொல்வார்: "என்ன ரத்தமோ, என்ன ஜாதியோ, யார் கண்டா?"

மாமனார் சொல்வார்: "வெளியில எதுக்கு? சின்னவனுக்கு மூணு பொண்ணு இருக்கே, அதுல ஒண்ணை எடுத்துக்கிட்டாப் போச்சு."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, தூரத்து உறவுக்காரர் ஒருத்தர் சொல்வார்: "எனக்கு ஒரு நர்ஸம்மாவைத் தெரியும். கொஞ்சம் செலவாகும். ரெண்டு மாசத்துல கைக்குழந்தையா, பர்த் சர்டிபிகேட்டோட முடிச்சுத் தந்துடுவாங்க."

முதல் பதில் அறியாமை. இரண்டாவது பாதி சரி. மூன்றாவது ஜெயில்!

இந்த மூன்றுக்கும் நடுவில் நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. அதை நம் பக்கத்து வீடுகளில் யாரும் வாயெடுத்துச் சொல்வதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் நம்ம ஊர்க் கதையைக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

தொட்டில் முதலில் ஆடியது இங்கேதான்

பனமரத்துப்பட்டி என்றால் அரளிப் பூ. 1911-ல் சேலம் டவுனுக்குக் குடிதண்ணீர் கொடுக்க வெட்டிய ஏரி. அந்தப் பக்கம் ராசிபுரம், நாமக்கல். இந்தப் பக்கம் சேலம். மரவள்ளி, பூ, கோழிப்பண்ணை, லாரி என்று உழைத்து முன்னேறிய பூமி. ஆனால் இதே பூமிக்கு இன்னொரு பெயரும் இருந்தது. பெண் சிசுக்கொலை என்று பேப்பரில் வந்தால் ஒன்று உசிலம்பட்டி, இல்லாவிட்டால் சேலம், தர்மபுரி. 'கள்ளிப்பால்' என்ற வார்த்தைக்கு விளக்கம் தேவைப்படாத தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது.

1992-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, அதைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். அப்போது நாமக்கல் நம்மோடுதான் இருந்தது. 1997-ல்தான் தனி மாவட்டம் ஆனது. "பெண் குழந்தை வேண்டாமா? கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ. பேர் சொல்ல வேண்டாம், ஊர் சொல்ல வேண்டாம், அரசாங்கம் வளர்க்கும்." இதுதான் திட்டம். 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும் அது போனது. இந்தத் தொட்டில்களில் கண்விழித்த குழந்தைகள் பலர் தத்து வழியாக நல்ல குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

திட்டத்தைக் குறை சொன்னவர்களும் உண்டு. "பெற்றவர்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அரசே வழி செய்து கொடுக்கிறதே" என்று பெண்கள் அமைப்புகள் அப்போதே கேட்டன. நியாயமான கேள்விதான். தாய்க்கு வருமானமும் ஆதரவும் இருந்தால் தொட்டில் எதற்கு? ஆனாலும் என் கட்சி இதுதான்: உயிர் போவதற்கும் தொட்டிலுக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்கவே வேண்டாம், தொட்டில்தான். அதற்கு அடுத்த கேள்வியைத்தான் நாம் கேட்காமல் விட்டுவிட்டோம். தொட்டிலில் விழுந்த குழந்தை எந்த மடிக்குப் போகிறது?

அந்த மூன்றாவது பதில்

2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கா? ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் குழந்தையை விலை பேசும் டெலிபோன் பேச்சு வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. ஆண் குழந்தைக்கு ஒரு ரேட், பெண் குழந்தைக்கு ஒரு ரேட், நிறத்துக்குத் தகுந்த மாதிரி ஒரு ரேட்! போலீஸ் கைது செய்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வரைக்கும் போனது. ஊரே அந்த அம்மாவைத் திட்டியது. சரிதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வாங்குகிறவர் இல்லாமல் எந்தக் கடையாவது நடக்குமா? வாங்கியவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. உங்களையும் என்னையும் மாதிரி, பேங்கில் கொஞ்சம் சேமிப்பு வைத்திருக்கிற, குழந்தைக்கு ஏங்கிய நடுத்தரக் குடும்பத்துக்காரர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். 2015-ம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, முறைப்படி இல்லாமல் அநாதைக் குழந்தையையோ ஒப்படைக்கப்பட்ட குழந்தையையோ தத்துக் கொடுத்தாலும் வாங்கினாலும் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காசு கொடுத்து வாங்கினால், விற்றால் ஐந்து வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும். அதையே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் செய்தால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு.

தண்டனையை விடுங்கள். அந்தப் பொய்ச் சான்றிதழின் மேலே ஒரு குழந்தையின் வாழ்க்கையையே கட்டுகிறீர்களே, அதை நினைத்துப் பாருங்கள். எட்டு வயசில் ஒருநாள் போலீஸ் வந்து நின்றால், "அம்மா" என்று உங்கள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையை உங்களுடையது என்று சொல்ல உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது. அந்தக் குழந்தைக்கு நேர்வது இரண்டாவது அநாதைத்தனம்.

சொந்தத்தில் எடுத்தால்?

மாமனார் சொன்னதைப் பாதி சரி என்றேன். சொந்தத்தில் தத்தெடுப்பது நம் மரபில் உண்டு, சட்டத்திலும் இடம் உண்டு. 1956-ம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், அதுவரை 'கொள்ளி வைக்க ஒரு ஆண்பிள்ளை' என்று இருந்த சுவீகாரத்தை மாற்றியது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஏற்கெனவே மகன் இருந்தால் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அதே. பொதுவாகக் குழந்தைக்குப் பதினைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. ஒரு தடவை முறைப்படி தத்து எடுத்துவிட்டால், பிறகு "வேண்டாம், திருப்பி எடுத்துக்கோ" என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம்ம வீடுகளில் நடப்பது என்ன? பத்திரமும் இல்லை, பதிவும் இல்லை. "அண்ணன் பொண்ணு, நம்ம பொண்ணு" என்று சொல்லி அழைத்து வந்து வளர்ப்பது. சொத்துப் பிரிக்கிற நாளில் அந்தப் பெண் இரண்டு வீட்டுக்கும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்பாள். ஆகவே சொந்தத்தில் எடுத்தாலும் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் தத்துப் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். அதோடு, பெற்றவள் அதே தெருவில் இருக்கிறாள், ஒவ்வொரு காது குத்துக்கும் வந்து "என் பொண்ணு இளைச்சுப் போயிட்டா" என்பாள். அதைச் சிரித்துக்கொண்டே தாங்குகிற மனசு உங்களுக்கு இருக்கா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு வழி: கஷ்டம் இல்லை, காத்திருப்பு உண்டு

வெளியிலிருந்து குழந்தை எடுக்க நினைத்தால் ஒரே வாசல், 'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம். 'காரிங்ஸ்' என்ற இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். கம்ப்யூட்டர் தெரியாதா? டவுன் பஸ் ஏறி சேலம் போய், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். பதிவு செய்ய உதவுவது அவர்கள் வேலைதான். பான் கார்டு, கல்யாணச் சான்றிதழ், வருமானச் சான்று, பெரிய வியாதி எதுவும் இல்லை என்று டாக்டர் சர்டிபிகேட், போட்டோ. அவ்வளவுதான். ஜாதகம் கேட்க மாட்டார்கள். நீங்களும் குழந்தையின் ஜாதகத்தைக் கேட்க முடியாது.

முன்பெல்லாம் இந்துக்கள் தவிர மற்றவர்களுக்குத் தத்து உரிமை முழுசாக இல்லை. காப்பாளர் என்ற அந்தஸ்துதான். 2014-ல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் சுப்ரீம் கோர்ட், எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தில் தத்தெடுக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது. தனியாக வாழும் பெண்ணும் எடுக்கலாம், ஆண் குழந்தையோ பெண் குழந்தையோ. தனியாக இருக்கும் ஆணுக்குப் பெண் குழந்தை தரமாட்டார்கள். தம்பதி என்றால் இரண்டு வருடமாவது சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

பதிவு செய்தபின் ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். 'வீட்டு ஆய்வு' என்று பெயர். உடனே வீட்டுக்கு வெள்ளையடித்து, புது சோபா வாங்கிப் போடாதீர்கள்! வந்தவர் பார்ப்பது சோபாவை இல்லை. நீங்கள் இருவரும் ஒருத்தருக்கொருத்தர் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள், பெரியவர்கள் சம்மதம் நிஜமா, ஏற்கெனவே இருக்கிற பிள்ளை என்ன நினைக்கிறது, இதைத்தான் பார்ப்பார்.

வரிசை வந்ததும் குழந்தையின் போட்டோவும் மருத்துவ அறிக்கையும் காட்டுவார்கள். 48 மணி நேரத்துக்குள் 'ரிசர்வ்' செய்ய வேண்டும். அந்த அறிக்கையை உங்கள் குழந்தை டாக்டரிடம் காட்டி விளக்கம் கேட்கலாம், கேளுங்கள். பிறகு குழந்தையை நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால், உத்தரவு வருவதற்கு முன்பே தற்காலிகப் பராமரிப்பில் வீட்டுக்கு அழைத்து வரலாம். முன்பு கோர்ட் உத்தரவுக்காக நடையாய் நடந்தார்கள். 2021-ல் சட்டத்தைத் திருத்தி, 2022 செப்டம்பர் முதல் அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கே கொடுத்துவிட்டார்கள். கட்டணம் உண்டு, ஆனால் அரசு நிர்ணயித்த தொகை, ரசீதோடு. அதற்கு மேல் யாராவது 'டொனேஷன்' கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உத்தரவு கைக்கு வந்தால் அந்தக் குழந்தை எல்லா விதத்திலும் உங்கள் குழந்தை. உங்கள் இனிஷியல், உங்கள் சொத்தில் பங்கு, உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ். இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

இப்போது கசப்பான விஷயம். 2024-25-ல் நாடு முழுவதும் நடந்த தத்தெடுப்பு 4,515. வரிசையில் நிற்கும் பெற்றோரோ பல ஆயிரம். கைக்குழந்தைதான் வேண்டும், உடம்பில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்றால் மூன்று வருடத்துக்கு மேல்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். இதில் வயசுக் கணக்கு வேறு. புருஷன் பெண்டாட்டி இருவர் வயதையும் கூட்டுங்கள். 85-க்கு மேல் போனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கிடையாது. 90 வரை நாலு வயதுக்குள், 100 வரை எட்டு வயதுக்குள், 110 வரை பதினெட்டு வயதுக்குள். அவருக்கு 45, அம்மாவுக்கு 41 என்றால் 86. கைக்குழந்தை வாசல் மூடிவிட்டது!

அதனால்தான் சொல்கிறேன்: சேலம், ஈரோடு என்று ஒவ்வொரு செயற்கைக் கருத்தரிப்பு மையமாக ஏறி இறங்கி, நகையெல்லாம் அடகு வைத்து, உடம்பும் மனசும் நொந்து, "இனிமேல் ஒண்ணும் இல்லை, தத்து எடுத்துக்கலாம்" என்று கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி வராதீர்கள். சிகிச்சை எடுப்பது உங்கள் உரிமை. ஆனால் முதல் நாளிலிருந்தே தத்தையும் ஒரு வழியாகப் பேசி வையுங்கள். எல்லாம் தோற்ற பிறகு வருகிற ஆறுதல் பரிசாக எந்தக் குழந்தையும் ஒரு வீட்டுக்குள் நுழையக் கூடாது.

யசோதை செய்தது என்ன?

சரி, நான்காவது வழிக்கு வருவோம். ஒரு பக்கம் கைக்குழந்தைக்கு நீண்ட வரிசை. இன்னொரு பக்கம் குழந்தைகள் இல்லங்களில் ஏழு வயசு, பத்து வயசு, பதிமூன்று வயசுப் பிள்ளைகள். இவர்களைத் தேடி யாரும் வரிசையில் நிற்பதில்லை. பலருக்குப் பெற்றவர் ஒருத்தர் எங்கோ இருப்பார்: குடியில் விழுந்த அப்பா, மனநோயில் இருக்கிற அம்மா, ஜெயிலில் இருப்பவர். அதனால் சட்டப்படி 'தத்துக்கு உரிய குழந்தை' என்று அறிவிக்க முடியாது. வீட்டுக்கும் போக முடியாது. பதினெட்டு வயசு வரை ஹால், வரிசைப் படுக்கை, மணியடித்தால் சாப்பாடு.

இந்தக் குழந்தைகளுக்காகத்தான் வளர்ப்புப் பராமரிப்பு. உங்கள் வீட்டில், உங்கள் பொறுப்பில், உங்கள் பிள்ளை மாதிரி வளரும். ஆனால் இனிஷியல் மாறாது, சொத்துரிமை தானாக வராது (உயில் எழுதலாம், அது உங்கள் இஷ்டம்). பெற்றவர்கள் இருந்தால் வந்து பார்க்கலாம். அவர்கள் நிலைமை சீரானால் குழந்தை திரும்பிப் போகலாம். உத்தரவு போடுவது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. குழந்தைக்கான செலவுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

"வளர்த்து ஆளாக்கித் திருப்பிக் கொடுக்கறதா? என்னங்க இது!"

கேட்பீர்கள் என்று தெரியும். நான் ஒன்று கேட்கிறேன். கண்ணனை யசோதை தத்தெடுத்தாளா? இல்லை. வளர்த்தாள், வெண்ணெய் ஊட்டினாள், உரலில் கட்டினாள், அப்புறம் மதுராவுக்கு வழியனுப்பினாள். இன்றைய சட்டத்தில் அதற்குப் பெயர் வளர்ப்புப் பராமரிப்பு! ஆனாலும் கண்ணனின் அம்மா யார் என்று கேட்டால் நம் வாயில் முதலில் வருவது யசோதை பெயர்தானே?

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம வீட்டுத் தாத்தாக்களைக் கேளுங்கள். படிப்புக்காகப் பெரியப்பா வீட்டில் ஆறு வருஷம், அத்தை வீட்டில் நாலு வருஷம் இருந்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! சேலம் ஜில்லாவில் பாதிப் பேர் அப்படித்தான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார்கள். இன்றைக்கும் பெற்ற பிள்ளையைப் பதினோராம் வகுப்பில் நாமக்கல் ஹாஸ்டலில் விட்டுவிட்டு இரண்டு வருஷம் பிரிந்திருக்கத் தெரிந்த நமக்கு, பிரிவு என்பது புதுப் பாடமா என்ன?

யார் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம்? 2024-ல் திருத்திய வழிகாட்டுதலில் கதவைக் கொஞ்சம் அகலமாகவே திறந்திருக்கிறார்கள். தம்பதிகள் மட்டுமல்ல, 35 வயதுக்கு மேற்பட்ட தனி நபரும் விண்ணப்பிக்கலாம். திருமணமாகாதவர், விதவை, விவாகரத்தானவர் யாராக இருந்தாலும். (இங்கேயும் தனி ஆணுக்கு ஆண் குழந்தை மட்டும்தான்.) இல்லங்களில் இருக்கும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு. ஒரே வீட்டில் இரண்டு வருஷம் நன்றாக வளர்ந்து, குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியதாகவும் இருந்தால், அதே குடும்பம் தத்தெடுக்கலாம். முன்பு இதற்கு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். ஐம்பது வயதை நெருங்கி, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, மூன்று படுக்கையறை வீட்டில் டி.வி. சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டிருக்கும் தம்பதிகளே, உங்களைத்தான் பார்த்துச் சொல்கிறேன்.

அரசையும் இரண்டு வார்த்தை கேட்காமல் விடக் கூடாது. நவம்பர் மாதம் வந்தால் தத்தெடுப்பு விழிப்புணர்வு என்று போஸ்டர் ஒட்டுகிறீர்கள். வளர்ப்புப் பராமரிப்புக்கு எங்கே போஸ்டர்? குடும்பக் கட்டுப்பாட்டை ஊர் ஊராகச் சுவரில் முக்கோணம் வரைந்து சொன்ன சர்க்காருக்கு இதைச் சொல்ல முடியாதா?

வீடு ஏன் மருந்து?

இது ஹெல்த் பத்திரிகை. ஆகவே டாக்டர் பக்கத்துச் செய்தியும் வேண்டும் இல்லையா?

ருமேனியா நாட்டின் புகாரெஸ்ட் நகரில், அநாதை இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளை வைத்து 2000-ல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று விஞ்ஞானிகள் அதை நடத்தினார்கள். குலுக்கல் போட்டு பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மீதிப் பேர் வழக்கமான ஏற்பாட்டிலேயே இருந்தார்கள். 2007-ல் 'சயன்ஸ்' இதழில் முடிவு வந்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன் தெளிவாக உயர்ந்திருந்தது. இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்களுக்கு லாபம் இன்னும் அதிகம். ஒரே ஆள், ஒரே மடி, அழுதால் ஓடி வருகிற அதே முகம். மூளை வளர இதுவும் பால், முட்டை மாதிரி ஒரு சத்து.

"என்ன ரத்தமோ" என்ற பாட்டிக்கு இப்போது பதில். தத்துக்கு வரும் குழந்தைகளுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ்-பி போன்ற பரிசோதனைகளைச் செய்து அறிக்கை கையில் கொடுக்கிறார்கள். நாம் பெற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு யாரும் அப்படி முன்கூட்டியே அறிக்கை தருவதில்லை! குணம் ரத்தத்தில் மட்டும் வருவதாக இருந்தால், ஒரே தாய் வயிற்றில் பிறந்த உங்கள் அண்ணனும் நீங்களும் ஏன் கீரியும் பாம்புமாக இருக்கிறீர்கள்?

குழந்தை வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் குழந்தை டாக்டரிடம் ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். எடை, உயரம், ரத்தசோகை, பூச்சி மருந்து, காது, கண், பல், விட்டுப்போன தடுப்பூசிகள். இல்லத்தில் வளர்ந்த குழந்தை வயசுக்குக் கொஞ்சம் பின்தங்கியிருந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் முதல் வருஷத்திலேயே நல்ல முன்னேற்றம் தெரியும்.

உடம்பைவிட மனசுக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். சாதம் போட்டுக்கொண்டே இருந்தாலும் தலையணைக்கு அடியில் பிஸ்கட் ஒளித்து வைக்கும். திருட்டு இல்லை அது, "நாளைக்குக் கிடைக்குமா?" என்ற பயம். ஒரு டப்பாவில் பிஸ்கட் போட்டு, "இது உன் டப்பா, எப்போ வேணுமோ எடுத்துக்கோ" என்று கொடுங்கள். சில மாதத்தில் டப்பா மறந்து போகும். படுக்கையில் ஒண்ணுக்குப் போகும். பத்து வயசாக இருந்தாலும் போகலாம். பாயை மாற்றிப் போடுங்கள், பேச்சு வேண்டாம். வீட்டுக்கு வருகிற யார் மடியிலும் தயங்காமல் போய் உட்காரும் குழந்தையைப் பார்த்து "எவ்வளவு கலகலப்பு!" என்று பூரித்துவிடாதீர்கள். இன்னும் 'இவங்கதான் என் ஆளு' என்ற முடிச்சு விழவில்லை என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். அதனால்தான் முதல் இரண்டு மூன்று மாதம் விருந்தாளிக் கூட்டத்தைக் குறையுங்கள். சாப்பாடு, குளியல், தூக்கம் மூன்றும் உங்கள் கையாலேயே நடக்கட்டும்.

கைக்குழந்தை என்றால் புட்டிப் பாலையும் மார்போடு அணைத்துக் கொடுங்கள், தொட்டிலில் போட்டு அல்ல. டாக்டர் துணையோடு முயன்றால் பெறாத தாய்க்கும் கொஞ்சம் தாய்ப்பால் சுரக்க வைக்க முடியும். சுரக்காவிட்டாலும் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, யாரும் சொல்வதில்லை. பிரசவித்த தாய்க்கு வருகிற மனச்சோர்வு தத்தெடுத்த தாய்க்கும் வரலாம். அத்தனை வருஷம் ஏங்கி வாங்கிய குழந்தையைப் பார்த்து "ஏன் எனக்குப் பாசம் பொங்கலை?" என்று ராத்திரியில் அழுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். பாசம் சிலருக்கு மெதுவாகத்தான் ஊறும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் வெட்கப்படாமல் டாக்டரைப் பாருங்கள்.

எப்போது சொல்வது?

"பெரியவளானதும் சொல்லிக்கலாம்" என்பார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு வாண்டு சொல்லும். அல்லது சொத்துத் தகராறில் மைத்துனர் சொல்வார். அதைவிட மூன்று, நாலு வயசிலேயே கதையாகச் சொல்லிவிடுங்கள். "எல்லாக் குழந்தையும் வயித்துல இருந்து வரும். நீ எங்களுக்கு இன்னொரு அம்மா வயித்துல இருந்து வந்தே, கண்ணு. உன்னைக் கூட்டிட்டு வர்றதுக்கு அப்பாவும் நானும் பஸ் ஏறி வந்தோம்." குழந்தைக்குப் பஸ் கதை பிடிக்கும், திரும்பத் திரும்பக் கேட்கும். வயசு ஏற ஏற விவரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். பதினெட்டு வயசுக்கு மேல் தன் பூர்வீகத்தைத் தேட அதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு. தேடினால் உங்களை விட்டுவிட்டுப் போகிறது என்று அர்த்தமில்லை.

பெற்றவளைப் பற்றி ஒருபோதும் கேவலமாகப் பேசாதீர்கள். தொட்டிலில் போட்டவள், போடாமல் வேறு ஒன்று செய்திருக்கலாம். செய்யவில்லை.

தத்தெடுக்கவோ வளர்க்கவோ எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வயசான காலத்தில் சோறு போட ஆள் வேண்டும் என்றோ, வீட்டு வேலைக்குத் துணை என்றோ, ஆட்டம் கண்ட கல்யாணத்தை ஒட்டவைக்கப் பசை என்றோ நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். இருவரில் ஒருவர் அரை மனசாக இருந்தாலும் பொறுத்திருங்கள்.

உங்களால் முடியாவிட்டால் வேறொன்று செய்யலாம். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா கணவனை இழந்தவரா? பிள்ளைகளை விடுதியில் சேர்க்க யோசிக்கிறாரா? மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவு என்று ஒரு பிரிவு உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருந்தால், குழந்தை தாயோடவே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. விண்ணப்பமும் அதே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் குழந்தைக்குத் தொட்டிலும் வேண்டாம், இல்லமும் வேண்டாம், நாமும் வேண்டாம். அதன் அம்மாவே போதும். எங்காவது ஆபத்தில் ஒரு குழந்தையைப் பார்த்தால் 1098-க்கு போன் செய்யுங்கள், காசில்லாத நம்பர்.

வளர்க்கத்தான் போகிறோம் என்று முடிவெடுத்தவர்களுக்குக் கடைசியாக ஒரு சின்ன விஷயம். இல்லத்தில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும், பக்கத்தில் இருபது பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். உங்கள் வீட்டில் தனி ரூம், புது மெத்தை எல்லாம் போட்டு வைத்திருப்பீர்கள். குழந்தை அதில் தூங்காது. முதல் ஒரு மாதம் கூடத்திலேயே எல்லோரும் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்ன பல்பு எரியட்டும்.